பதினோராவது பேட்ச்

மார்ச் 3, செவ்வாய்

பதினேழு பேட்ச், எங்கள் நிரலில் செய்யச் சொல்லி எழுதி அனுப்பிய மாற்றங்கள். ஞாயிறு மத்தியானம், இரண்டு மணி நேரத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. அனுப்பியது 'அணில்' என்று ஒரு ஆள். முகம் கிடையாது, ஊர் கிடையாது, கணக்குத் தொடங்கி நான்கே மாதம். பயனர் கொடுக்கும் ஆப்ஷன்களை எங்கள் நிரல் படிக்கும் பகுதியை முழுக்க ஒழுங்குபடுத்தித் தருகிறானாம். யார் கேட்டார்கள்?

டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் நிரல் இது. கோப்புகள் வைக்கத் தோதாக டிஸ்க்கைத் தயார் செய்யும். முன்பு அதில் என்ன இருந்தாலும் போச்சு. தப்பு நடந்தால் மன்னிப்புக் கேட்கலாம், போனதைத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் பதினோரு வருஷமாக, சம்பளம் கிடையாது என்றாலும், எந்த மாற்றமும் என் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. இருபதாம் தேதி அடுத்த வெளியீடு. சரியாக அதற்கு முன்னால் வந்து நிற்கிறான். அதையும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஏழு பேட்ச் பார்த்தாயிற்று. ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் இடிக்கிறது. புது ஆள் என்றால் எங்காவது ஒரு இடத்தில் தடுக்கி விழ வேண்டாமா? ஆப்ஷன்களுக்கெல்லாம் அட்டவணை போட்டிருக்கிறான். குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எதோடு எது சேரக்கூடாது என்று. பத்து வருஷமாகச் செய்ய வேண்டும் செய்ய வேண்டும் என்று நான் தள்ளிப்போட்ட வேலை.

கேள்வி கேட்டால் உடனே பதில். பதிலுக்குப் பதில் நன்றி. நேற்று மட்டும் ஆறு நன்றி. அதிவிநயம் தூர்த்த லட்சணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் இவரிடம் புலம்பினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைத்தேன், காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நானும்தான் பக்கத்துல உக்காந்து பிரேக்ல கால வெச்சிருக்கேன். ஆனா வண்டிய ஓட்ட விடுறேன்ல?" என்றார். உங்கள் வண்டி மோதினால் ஒரு பம்பர் போகும், இது மோதினால் எத்தனை பேர் பிழைப்பு போகும் தெரியுமா என்று கேட்டேன். அடுத்த காயை எடுத்தார்.

மார்ச் 6, வெள்ளி

பத்து வரை சரி. இன்னும் நம்பவில்லை.

மார்ச் 9, திங்கள்

அகப்பட்டது.

பதினோராவது பேட்ச். ஒரு வரியை எடுத்திருக்கிறான். என் வரி. சைஸ் ஆப்ஷனைப் படிக்கும் இடத்தில், பழைய மதிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பிக்கும்படி நான் போட்ட வரி. கூடவே டிரை ரன்னையும் தொட்டிருக்கிறான். ஒத்திகை என்றுதான் எனக்குச் சொல்ல வரும்: அந்த ஆப்ஷனைக் கொடுத்தால் நிரல் என்ன செய்யப்போகிறது என்று சொல்லுமே தவிர டிஸ்க்கைத் தொடாது. பயந்த ஜனங்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அது. அதில் ஏன் கை வைக்கிறான்? காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: "ஒழுங்குக்காக."

பத்து நல்ல பேட்சைக் கொடுத்து என்னைத் தூங்கவைத்துவிட்டு, பதினோராவதில் பூட்டைக் கழற்றப் பார்க்கிறானா?

கேட்டேன். "ஆப்ஷன் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்" என்று பதில். இப்போதே அப்படித்தான் நடக்கிறது, மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது, அந்த மேனுவலை எழுதியது நான் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தது: "மேனுவலில் இருக்கிறது. சரிதான்."

நன்றி இல்லை. முதல்முறையாக.

மார்ச் 10, செவ்வாய்

குழுவின் உள்வட்டத்துக்கு எழுதினேன். ஐந்து பேர்தான். ஆள் யாரென்று தெரியாது, நோக்கம் சரியில்லை, பதினோராவது பேட்ச் ஆபத்தானது, கணக்கை நிறுத்தி வையுங்கள் என்றேன். வெளியீட்டைக் கவனிக்கும் தம்பி உடனே போன் செய்தான். "அக்கா, டெஸ்ட் இருநூத்திப் பன்னெண்டும் பாஸ் ஆகுதே" என்று இழுத்தான். ஒரு மாற்றம் எதையாவது கெடுக்கிறதா என்று பார்க்கிற சோதனைகள் அவை. அதுதான்டா சந்தேகமே என்றேன். என் பேச்சுக்கு மேல் பேச மாட்டான். சாயங்காலத்துக்குள் அணிலின் கணக்கு நிறுத்தப்பட்டுவிட்டது.

எதிர்த்து ஒரு மெயில்கூட வரவில்லை. மடியில் கனம் இல்லாதவன் இப்படி வாயை மூடிக்கொண்டு போவானா?

மார்ச் 13, வெள்ளி

ஆதாரம் வேண்டும். அந்த வரியை எடுத்தால் என்ன கெடும் என்று ஓட்டிக் காட்டிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. ஒத்திகையை முதலில், நடுவில், கடைசியில் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் பழைய கோடில், அதாவது இப்போதிருக்கும் நிரலில், ஓட்டி அது ஒழுங்காக இருக்கிறது என்று காட்ட வேண்டும், பிறகு அணிலுடையதில். காலி டிஸ்க் எதுவும் கைக்கு அகப்படவில்லை. துவைக்கிற மெஷின் மேல் இவருடைய பென் டிரைவ் கிடந்தது. ஒத்திகைதானே, தொடாது என்று அதைச் செருகினேன்.

பென் டிரைவ் காலி.

முதலில் இவரைத்தான் பிடித்தேன். நீங்கள் ஏதாவது அழித்தீர்களா, கழற்றும்போது இழுத்துவிட்டீர்களா என்று. பாவம், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷமாகச் சேர்த்த பாட்டு அதில்தான் இருந்தது. ஓட்டப் பழக வருகிறவர்கள் கை நடுங்கினால் போட்டுவிடுவார். அடுத்து அணிலைத் திட்டினேன். எப்படியோ என் கணினிக்குள் எதையோ நுழைத்துவிட்டான் என்று. கேபிளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மணி நேரம் அலசினேன்.

ஒன்றும் இல்லை. ஓடியது பழைய கோடு. அணில் கை படாதது. நான் எழுதியது.

மார்ச் 14, சனி

நான்கு முறை பார்த்துவிட்டேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒத்திகையை முதலில் எழுதி, அதற்குப் பின் சைஸை எழுதினால், என் வரி எல்லாவற்றையும் துடைக்கிறது. ஒத்திகையையும் சேர்த்து. நிரல் நிஜமாகவே டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடுகிறது. கடைசியில் எழுதினால் தப்பிக்கும். நான் எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன். கைப்பழக்கம். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்டில் ஒத்திகை வருவதையெல்லாம் எழுதியதும் நான்தான். அத்தனையிலும் கடைசியில்.

பதினோரு வருஷம். ஊரான் கோடையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேனே, என்னுடையதை ஒரு நாள் பார்த்தேனா?

பதினோராவதோடு நிறுத்தியிருந்தேன். மிச்சத்தைப் பிரித்தேன். பதினேழாவது ஒரே ஒரு டெஸ்ட். ஒத்திகை முதலில், சைஸ் பிறகு. சைஸுக்கு விசித்திரமான ஒரு எண். யாரும் யோசித்து எழுதுகிற எண் இல்லை அது, எங்கோ நடந்ததிலிருந்து எடுத்த எண். பழைய புகார்களில் அந்த எண்ணைத் தேடினேன். ஒன்று வந்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தையது, வேறு பெயரில்.

பேச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி பார்க்கிறவர் எழுதியிருக்கிறார். தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் அங்கே வந்து தங்கள் குரலைப் பதிந்து வைப்பார்களாம். பிறகு பேச முடியாமல் போனால் கருவி அவர்கள் குரலிலேயே பேச. ஆறு பேருடைய குரல் எங்கள் நிரல் அழித்த டிஸ்க்கில் இருந்திருக்கிறது. ஆறு பேருக்கும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. "ஒத்திகை கொடுத்துத்தான் ஓட்டினேன். நிலையத்தில் நான் மறந்துவிட்டேன் என்கிறார்கள். மறக்கவில்லை. நான் டைப் செய்த கமாண்டை அப்படியே கீழே தந்திருக்கிறேன். இது நிரலின் தவறாக இருக்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்."

கீழே என் பதில், மூன்றே நிமிஷத்தில்: "ஒத்திகையைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். மேனுவலைப் படியுங்கள்." புகார் முடிக்கப்பட்டது.

கமாண்டை நான் பார்க்கவே இல்லை. அவ்வளவு தெளிவாகக் கீழேயே எழுதியிருக்கிறார், பார்க்கவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். டிஸ்க் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மனசு என்னவெல்லாம் சொல்கிறது. பதினோராவது பேட்சை நல்ல மாற்றம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் தப்பும் போய்விடும், யாருக்கும் தெரியாது. காரணம் 'ஒழுங்குக்காக' என்றுதானே இருக்கிறது. இப்போது புரிகிறது, புகார் சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்து, என் முகம் வாடாமல் திருத்தத்தை உள்ளே கொண்டுவரத்தான் அப்படி எழுதியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மையையே மூடியாக வைத்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா?

அணிலை 'அவன்' என்று எழுதியதை எல்லாம் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இவரிடம் பென் டிரைவுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பாட்டு போனாப் போகுது, மறுபடி சேத்துக்கலாம். என்னைக் கேள்வி கேட்டப்போ உன் மூஞ்சியப் பாத்தேன் பாரு, அதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார். அழுதுவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

எழுதிவிட்டேன். உள்வட்டத்துக்கு இல்லை, எல்லோரும் படிக்கிற மெயில் பட்டியலில். பிழை என்னுடையது, பதினோரு வருஷமாக இருக்கிறது, அணிலின் திருத்தம் சரி, அவர்மேல் நான் சொன்னது அபாண்டம், கணக்கைத் திறந்துவிடுங்கள். பழைய புகாரையும் என் பதிலையும் அப்படியே கீழே சேர்த்தேன். அனுப்புகிற பொத்தானின் மேல் பத்து நிமிஷம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பி போன் செய்து, இவ்வளவு பச்சையாக எழுத வேண்டுமா அக்கா என்றான். வேண்டும் என்றேன்.

மார்ச் 18, புதன்

அணிலோடு பேசினேன். பெண். என் வயதுதான் இருக்கும், குரலில் அவசரமே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னார்:

"அந்த நிலையத்துல நான் இப்ப இல்லைங்க. உங்க பதிலைப் பிரிண்ட் எடுத்து முன்னாடி வெச்சுட்டுத்தான் கேட்டாங்க. நிரலை எழுதினவங்களே நீதான் மறந்துட்டேன்னு சொல்றாங்க, நீ என்ன சொல்றேன்னு. என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நாள்ல நானே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன், ஒருவேளை நிஜமாவே மறந்துட்டமோன்னு. அதுக்காகத்தான் உங்க கோடை உக்காந்து படிச்சேன்."

அந்த ஆறு பேர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் தவறிவிட்டார், மற்றவர்கள் கருவியில் யார் குரலிலோ பேசுகிறார்கள் என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அன்னிக்குக் கேட்டேனே ஒரு வரி, அதை இப்ப எழுதித் தர முடியுமா?" என்றார்.

நிலையத்தின் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். முதல் வரியே அதுதான்: அவர் மறக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வெளியீடு. பதினேழும் உள்ளே போயின. திருத்திய பிழைகளின் பட்டியலில் முதலாவது என்னுடையது.

ஏப்ரல் 1, புதன்

நிலையத்திலிருந்து அணிலுக்குப் பதில் வந்திருக்கிறது. அவர் தவறு என்றிருந்த பதிவைத் திருத்திவிட்டார்களாம், விரும்பினால் திரும்ப வரலாமாம். எனக்கு அனுப்பிவைத்தார், கூட ஒரு சொல் எழுதவில்லை. போவாரா மாட்டாரா தெரியவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

'பயனர் தவறு' என்று நான் முடித்துவைத்த புகார்கள் முந்நூற்று நாற்பது இருக்கின்றன. பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அவர்கள் எழுதிய கமாண்டை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே ஓட்டுகிறேன். இன்றோடு நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது பேர் தப்பாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னது உண்மை.

இரண்டு பேருக்கும் எழுதினேன். ஒருவருடைய முகவரி இப்போது இல்லை என்று மெயில் திரும்பி வந்துவிட்டது.