ஈரம் காயாத தொட்டிகள்

மே, செவ்வாய் இரவு.

லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் மொட்டை மாடித் தக்காளிக்கு வாளி வாளியாக ஊற்ற மனம் வரவில்லை. அதனால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, பாதித் தொட்டிகளுக்குக் கால்சியம் நைட்ரேட் உரத்தை நிறுத்திவிட்டு, அம்மோனியம் சல்பேட் உரம் போட்டுவந்தேன். அந்தத் தொட்டிகளில் காலையில் ஊற்றிய ஈரம் மாலையிலும் காயவில்லை. சிக்கனமான செடிகள் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இன்று இவர் மாடிக்கு வந்து பார்த்தார். "தண்ணி மிச்சம்னு சொன்னியே, செடி ஏன் இப்படி நோஞ்சானா நிக்குது?"

இலையெல்லாம் சிறுத்துச் சுருண்டிருந்தது. நைட்ரேட் போட்ட தொட்டிகள் மாலைக்குள் காய்ந்துவிடுகின்றன, ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கின்றன. அம்மோனியம் போட்ட செடிகளால் தண்ணீரை இழுக்க முடியவில்லை. அதைத்தான் சிக்கனம் என்று நினைத்திருக்கிறேன்.

ராத்திரி மகளின் சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன். ராஜகீழ்ப்பாக்கம் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவள். தண்ணீர் பாட்டில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பியிருந்தது. தினமும் அப்படித்தான் வருகிறது.

"தாகமே எடுக்கலம்மா."

"கடையில உங்களுக்கு பாத்ரூம் இருக்காடி?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அத விடும்மா" என்றாள்.

செடிக்கு நாளைக்கே பழைய உரத்தைப் போட்டுவிடலாம். இவளுக்கு நாளைக்கும் அதே கடைதான்.