பட்டறைக்குப் புதுத் தரை

ஏப்ரல் 7, திங்கள்

ஐந்தாவது மிஷின் இன்றும் ஆடியது. காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். பத்து நிமிடத்தில் அட்டை நசுங்கி, தையல் மறுபடி நெளிந்தது. நாற்பது ஸ்கூல் பைகள் திரும்பி வந்துவிட்டன.

"மாமி, தரைய மாத்தாம இனி தைக்க முடியாது" என்றாள் சஃப்ரீன். மருமகள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். பட்டறையை நடத்துவது அவள்தானே.

எனக்கும் தெரியும். தெரிந்தேதான் தள்ளிப்போட்டேன். இது தௌஃபீக் போட்ட தரை. சஃப்ரீனைக் கட்டிய புதிதில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்தான். அடியில் மண்ணைச் சரியாக இறுக்கவில்லை. இரண்டாவது மழைக்கே விரிசல். ஆனாலும் என் பிள்ளை போட்டது. அவன் மஞ்சள் காமாலையில் மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் அதன் மேல்தான் நடக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

கொத்தனார் வந்து பார்த்தார். பெயர் நாகூர் மீரான். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். பூர்வீகம் கடையநல்லூர், பிறந்தது இங்கேயே தாராவியில். செம்பூர் பக்கம் வீடுகளுக்குக் கார் நிறுத்தும் இடம், இங்கே பட்டறைகள் என்று காங்கிரீட் தரை மட்டுமே போடுகிறாராம்.

ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்தேன். தரையில் ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறதென்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் எங்கும் போகவில்லை, நடுவிலேயே குளம் கட்டியது.

"மேல பூசுனா நிக்காது சாச்சி. அடியோட ஒடைக்கணும்."

சஃப்ரீன்தான் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க மவன் போட்ட தரை."

அவர் எழுந்து நின்றார். "அப்ப நீங்க சொல்லுத அன்னைக்கு ஒடைக்கேன் சாச்சி. ஜல்தி ஒண்ணும் இல்ல."

பம்பாயில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அவசரமில்லை என்று சொல்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

உடைத்தார்கள். மாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டேன். சஃப்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

காங்கிரீட் போட்டாயிற்று. மூன்று நாளாக மண்ணை வெட்டி, உடைகல் நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கினார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் கம்பி வலை. எங்கள் சந்துக்குள் வண்டி வராது. சாலையில் கலந்து, சட்டி சட்டியாகச் சுமந்து வந்து கொட்டினார்கள். நாகூர் மீரான் பின்சுவரிலிருந்து மண்டியிட்டபடியே தேய்த்துத் தேய்த்து வாசல் வரை பின்னால் நகர்ந்து வந்தார்.

வாசலில் நின்ற சஃப்ரீன், "அந்த மூல கொஞ்சம் மேடா தெரியுதே" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். மேடுதான்.

"இது கண்ணா, ரசமட்டமா?" என்றார்.

சஃப்ரீன் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்ளாத பழைய சிரிப்பு. இரண்டு வருடமாக நான் கேட்காதது. சந்தோஷம் என்று எழுத வந்தேன். பொய்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்துத்தான் மிஷின்களை இறக்கலாம். அதுவரை வேலை இல்லை. இந்தப் பெண்ணும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று!

நாகூர் மீரான் தினமும் காலையில் வருகிறார். "சாக்கு காயாம இருக்கான்னு பாக்க வந்தேன் சாச்சி." சாக்கு காயவில்லை. தண்ணீர் ஊற்ற வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறோம். அவருக்கு அது தெரியாதா?

அவர் வருவதற்குள் டீ தயாராகிவிடுகிறது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. எனக்குப் போடும் டீயில் ஏலக்காய் கிடையாது.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சந்தில் அவர் குரல் கேட்டதும் கை நின்றது. முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். நான், "எம் மவன் மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசந்தான் ஆவுது, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

சீப்பைக் கீழே வைத்தாள். வாரியும் வாராமலும் கொண்டையைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாரிடம் போய் இதைச் சொன்னேன்? மஞ்சள் காமாலையில் அவன் இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனைத் துடைத்து எடுத்தது யார்? நான் வராந்தாவில் நின்று அழுதுகொண்டல்லவா இருந்தேன். பெத்தவ நான். பாத்தது அவ.

ஏப்ரல் 26, சனி

பேசவில்லை. இன்று என் டீயில் ஏலக்காய் போட்டிருந்தாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஏப்ரல் 28, திங்கள்

அவர் வந்தபோது சஃப்ரீன் கீழே இறங்கவில்லை. "அவங்களுக்கு ஒடம்பு முடியலையா?" என்று கேட்டார். தரையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இனி வர வேண்டாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி சாச்சி."

சாயங்காலம் அவள் மேலப்பாளையத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போன் பேசியது காதில் விழுந்தது. "வாப்பா, நான் அங்கயே வந்துரட்டா?"

ஏப்ரல் 30, புதன்

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

தௌஃபீக்குக்கு நான்கு வயதில் அவன் வாப்பா மவுத்து. எனக்கு அப்போது இருபத்தொன்பது. இரண்டு வருடம் கழித்து ஒருவர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல மனிதர், பிள்ளையோடு ஏற்றுக்கொள்கிறேன் என்றாராம். என் மாமியார் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் கேட்டிருக்கலாம்.

மதியம் சஃப்ரீன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மனசுல வச்சிக்காத புள்ள."

"விடுங்க மாமி."

"உனக்கு அவரப் புடிச்சிருக்கா?"

மாவை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "புடிச்சிருந்தா நீங்க தனியால்லா ஆயிருவிய."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அதுதான் பதில்.

மே 4, ஞாயிறு

பஸ் பிடித்துச் செம்பூர் போனேன். சஃப்ரீனிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஒரு வீட்டில் நாகூர் மீரான் கார் நிறுத்தும் இடத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது, முந்தாநாள் தான் போட்ட தரையின் ஒரு பக்கத்தைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்த வீட்டுக்காரர். "விடுப்பா, கார்தானே நிக்கப்போறது. அரை இன்ச் வாட்டத்துல என்ன ஆயிடும்?" என்றார்.

"மழைல தண்ணி கேட்டுக்குப் போவாம உங்க படிக்குத்தான் வரும் சார். நான்தான் சரியாப் பாக்கல. எம் மேலதான் மிஸ்டேக்."

என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "சாச்சி, தரை வெடிச்சிட்டா?"

தரைக்கு ஒன்றுமில்லை என்றேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று பேசினோம். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டேன். ஆகி, தலாக் ஆகி ஐந்து வருடமாம். "அவளுக்கு பம்பாய் ஒத்துக்கிடல. அவ மேல தப்பு இல்ல சாச்சி. நான் அப்ப வச்சிருந்த ரூம்புல என்னாலயே இருக்க முடியல."

போனவளைக் குறை சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"எங்க சஃப்ரீனக் கட்டிக்கிடுதியளா?"

காது வரை சிவந்துவிட்டது மனிதருக்கு. "நான் தரை பாக்கத்தான் வந்தேன் சாச்சி. சத்தியமா."

"பத்து நாளுமா?"

கீழே பார்த்தார். கையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினார். பிறகு சொன்னார்: "மூணு நாளு தரை பாக்க வந்தேன்."

மே 9, வெள்ளி

மிஷின்களை இறக்கினோம். ஒன்றுகூட ஆடவில்லை.

சஃப்ரீனின் வாப்பாவுக்குப் போன் போட்டேன். கொத்தனார் சங்கதியைச் சொல்லி அவளையே கேட்டேன், சம்மதம் சொல்லிவிட்டாள் என்றேன். "நீங்களே சொல்லுதியளே லாத்தா" என்றார். அழுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

மே 26, திங்கள்

இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. சந்தில் முழங்கால் தண்ணீர். பட்டறைக்குள் வந்த கொஞ்சத்தைத் தள்ளிவிட்டதும் வாசல் பக்கம் வடிந்துவிட்டது. மத்தியானமே தைக்க உட்கார்ந்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அவள் வாப்பாவும் உம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். தலை பின்னிவிட உம்மாவைக் கூப்பிடு என்றேன். "நீங்களே பின்னுங்க" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன். கண் தெரிந்தால்தானே.

ஏழு வருடம் ஏறி இறங்கிய இரும்பு ஏணி. இன்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போனாள்.

செம்பூரில் வீடு பார்த்திருக்கிறார். ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்கு வருகிறேன் என்றாள். முதலில் அங்கே நிம்மதியாக இரு என்று சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

மூன்று பெண்கள் வந்து தைக்கிறார்கள். சத்தத்துக்குக் குறைவில்லை. சாயங்காலம் அவர்கள் போன பிறகு ரேடியோ போட்டேன். பிறகு அணைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

நாகூர் மீரான் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சண்டையோ என்று பயந்தேன்.

"ஒண்ணும் இல்ல சாச்சி. காலைலேருந்து ஒரே அழுவ. உம்மா வூட்டுக்குப் போவணுமாம்."

புதுப்பெண், அப்படித்தான் இருக்கும். அதற்கென்ன, கூட்டிப்போங்கள் என்றேன். "நெல்லைக்கு டிக்கெட் கெடைக்குதான்னு பாத்தியளா? இப்ப கூட்டமால்லா இருக்கும்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெல்லைக்கு இல்ல சாச்சி. தாராவிக்கு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். நல்ல சீலா மீன் கிடைக்குமா என்று நாளைக்கே மார்க்கெட்டில் சொல்லி வைக்க வேண்டும்.