பன்னு சத்தம் போடாத ராத்திரி

அன்பு நிறைந்த மாமாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லை. அதனால் நேராக என் மானம் போன கதைக்கே வந்துவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, பால் வாங்க முனைக் கடைக்குப் போனேன். வழக்கமான பாக்கெட்டோடு இன்னொரு அரை லிட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, ராத்திரியெல்லாம் உங்க வீட்ல தாலாட்டுச் சத்தமாம்? மாடி வீட்டு அக்கா சொன்னாங்க. ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா! ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?" கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாற்பத்தெட்டு வயசில், பாதித் தலை நரைத்தவனுக்கு அந்த நாலு பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். நாய்க்குட்டிக்குத் தாலாட்டுப் பாடினேன் என்று சொல்வதா, குழந்தைதான் என்று ஒத்துக்கொள்வதா? எதில் அவமானம் கம்மி என்று தெரியாமல், "பொம்பளப் புள்ளதாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பொய்யில்லை மாமா. பெட்டைக் குட்டிதான்.

"நாய வாசலோட நிறுத்தணும் மாப்ளே, உள்ள விட்டா அது நம்மள வாசல்ல நிறுத்திரும்" என்று லால்குடி வீட்டில் உட்கார்ந்து சொல்வீர்கள். என்ன செய்ய? உங்கள் பேத்தி நிவி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஒரு சாயங்காலம் ஸ்கூல் பையில் புத்தகங்களுக்கு நடுவே இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொள்ளிடக் கரையில் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருந்ததாம். இது மட்டும் தனியாக மழையில் நனைந்துகொண்டு கிடந்ததாம். பழுப்பாக, உப்பலாக இருந்ததால் பன்னு என்று பெயரும் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் அது அவள் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது. உங்கள் மகள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பகலெல்லாம் சமத்து. விளக்கை அணைத்தால் போதும், வீடு இரண்டாகும். அட்டைப் பெட்டியில் பழைய புடவை போட்டோம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தோம். கடிகாரச் சத்தம் தாயின் நெஞ்சுத் துடிப்பு மாதிரி இருக்குமென்று நிவி போனில் பார்த்துச் சொன்னாள். அலாரம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தேன். நாலு மணிக்கு அது அலறியதில் குட்டியோடு சேர்ந்து நானும் ஊளையிட்டேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து, கையை உள்ளே தொங்கவிட்டேன். அது என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, லேசாகக் கடித்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனது. ப்ளஸ் டூவைத் தாண்டாதவன் ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு. காலையில் விரலில் இரண்டு பொட்டு ரத்தம். செல்வி மஞ்சளைக் குழைத்து வைத்தாள். "பால் பல்லுதானேங்க, என்ன பண்ணப் போவுது?" நானும் அதையே சொன்னேன். எட்டு ராத்திரி அந்த விரலையே கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள், என் தையல் கடையில் ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "கொள்ளிடக் கரையில ஒரு நாய் மூணு பேரக் கடிச்சு வச்சிருச்சுண்ணே. வாயெல்லாம் நுரை. நேத்து செத்துக் கெடந்துச்சு. குட்டி போட்ட நாயாம், பாவம்."

என் தையல் கோட்டை விட்டு விலகி ஓடியது. "எத்தன குட்டி?"

"மூணு கெடக்குதுன்னாங்க. ஏண்ணே, உங்களுக்கு வேணுமா?"

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சம்மா என் விரலைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் பூசறதுக்கு இது என்ன பொங்கப் பானையா? கடிச்ச அன்னிக்கே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு இங்க ஓடி வந்திருக்கணும்" என்று திட்டினார். எனக்குக் கடிபட்ட இடத்திலேயே ஒரு ஊசி. தோளில் மூன்று பேருக்கும். இதுவரை மூன்று தவணை முடிந்துவிட்டது. எங்களைப் பற்றிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். பயம் எங்கே டாக்டர் பேச்சைக் கேட்கிறது?

கால்நடை டாக்டரம்மாதான் பன்னுவைப் பற்றிச் சொன்னார். "தாய் நாய்க்கு வெறி இருந்திருந்தா இதுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இன்னிலேர்ந்து பத்து நாள் தனியா வச்சுப் பாருங்க. அது முக்கியமான கெடு. தண்ணி குடிக்குதா, குரல் மாறுதா, சும்மா ஒடுங்கிக் கெடக்குதா, இதத்தான் பாக்கணும். யாரும் தொடக் கூடாது."

அன்றைக்கே மாடிப்படிக்குக் கீழே ரெக்சின் சுருள் வைக்கும் அறையில் அதை விட்டுக் கதவைச் சாத்தினோம். சோறும் தண்ணியும் நீளக் கழியால் தள்ளி வைப்பேன். விரலைக் கொடுத்துத் தூங்கப் பழக்கிய குட்டி மாமா. அதற்குப் புரியுமா? கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அழுதது. பத்து நாள் முன்னால் எந்தச் சத்தத்தை நிறுத்தத் தலைகீழாக நின்றேனோ, அதே சத்தத்தை இப்போது மாறியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.

தொடத்தானே கூடாது என்று, வீட்டுத் தையல் மிஷினைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டு, நூல் கோக்காமல் வெறுமனே ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அடங்கியது. மறுநாள் மாடி வீட்டு அக்கா, "என்னங்க, ராப்பகலா மிஷின் ஓடுது. தீபாவளிக்குக் கார் எடுக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அன்று முதல் அவர் பிள்ளைகள் எங்கள் வாசல் வழியாக வருவதில்லை. பால் கடைக்காரரும் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

ஏழாம் ராத்திரி குரல் கம்மியிருந்தது. அழுது அழுது தொண்டை கட்டியதா, அல்லது டாக்டரம்மா சொன்னதா? செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் மிஷினைப் பார்த்தேன். நிவி எழுந்து வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவ கதவத் திறங்கப்பா. நான் தொட மாட்டேன். என்னப் பாத்தா போதும் அதுக்கு."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? போய்ப் படும்மா. காலையில பாத்துக்கலாம்."

"அது நம்மளத்தான் கூப்பிடுது. உங்களுக்குக் காது கேக்கலயா?"

"கேக்குது."

"கேட்டுக்கிட்டே எப்படிப்பா உக்காந்திருக்கீங்க?"

இதற்கு என்ன பதில் மாமா? உங்களிடம்தான் கேட்கிறேன்.

நேற்று ஒன்பதாம் நாள். சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது சுருளுக்குப் பின்னால் ஒடுங்கிப் படுத்திருந்தது. காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "கிட்டப் போகாதீங்க. காலையில முதல் வேலையா நான் வரேன்" என்றார். ராத்திரி மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் நிறுத்திக் கேட்டேன். பிறாண்டல் இல்லை. முனகல் இல்லை. வந்த நாளிலிருந்து முதல் முறையாக, என் விரல் இல்லாமலே பன்னு ராத்திரி முழுக்கச் சத்தமே போடவில்லை.

இப்போது மணி ஐந்து. கோயில் பக்கம் போகிற முதல் பஸ்ஸின் சத்தம் கேட்கிறது. செல்வியும் நிவியும் இன்னும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார்களா, தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருக்கிறார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாய் விஷயத்துக்கு இறந்துபோன மாமனாருக்குக் கடிதம் எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ராத்திரியெல்லாம் மூடின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததில் எனக்கு உங்கள் ஞாபகம்தான். தில்லைநகரில் அந்த ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு. அன்றைக்கு என் முறை. செல்வியை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். "தூங்க ஊசி போட்டிருக்கோம், உள்ள போய்ப் பேச்சுக் குடுத்து எழுப்பிடாதீங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். விடிந்து கதவைத் திறந்தபோது நீங்கள் இல்லை.

"அப்பா ராத்திரி நல்லா தூங்கினாரு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்று செல்வியிடம் சொன்னேன். அவள் லால்குடி முழுக்க அதையே சொன்னாள். புண்ணியவான், கொடுத்து வைத்த சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருஷமாக உங்கள் மகள் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் தேறிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. டாக்டரம்மா வந்ததும் இந்தக் கதவை நான்தான் திறப்பேன். உள்ளே என்ன இருந்தாலும் முதலில் பார்ப்பவன் நானாக இருப்பேன். நிவி வந்து கேட்டால், "நல்லா தூங்கிச்சும்மா" என்று சும்மா சொல்லிவைக்க மாட்டேன். பார்த்ததைச் சொல்வேன். கேட்டதையும் சொல்வேன். செல்வியும் ஒரு நாள் இதைப் படிப்பாள். படிக்கட்டும். வாயால் சொல்ல வரவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

அன்று ராத்திரி நீங்கள் தூங்கவில்லை. "மாப்ளே" என்று மூன்று தடவை கூப்பிட்டீர்கள். எனக்குக் கேட்டது மாமா.

இப்படிக்கு,
பெஞ்சிலிருந்து எழுந்திருக்காத
உங்கள் மாப்பிள்ளை