ரங்கூன் டைரியில் வேறொரு கையெழுத்து

தம்பானூர்,
திருவனந்தபுரம்,
12-1-1953.

கர்த்தருக்குள் பிரியமான ஞானையன் அண்ணனுக்கு,

சத்தியநேசனின் மனைவி சரோஜம் எழுதுவது. நாங்களும் பெண்பிள்ளைகள் இருவரும் சுகம். நாக்பூரில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். வருஷம் தவறாமல் நீங்கள் அனுப்பும் கிறிஸ்மஸ் கார்டிலிருந்துதான் விலாசம் எடுத்தேன். ஒன்றுக்கும் பதில் வராத காரணம் எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

இவருக்கு இங்கே தந்தி ஆபீஸில் வேலை. ரங்கூனில் ஜப்பான்காரர்கள் அடைத்த ஜெயிலில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு பார்வை மங்கிப்போய், பெரிய எழுத்துத்தான் தெரியும். ஆனால் விமானத்தில் ரேடியோ கேட்டுப் பழகிய காது அல்லவா, தந்தியில் ஓர் எழுத்து தவறாது. நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். மூத்தவள் பள்ளியில் மலையாளம் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

ரங்கூன் ஜெயிலில் இருந்த தேதிகளைக் கேட்டு விமானப்படை ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாத ஜெயில் டைரியை எடுத்துத் தந்து என்னை வாசிக்கச் சொன்னார். எல்லாம் பொடிப்பொடியான பென்சில் எழுத்து.

1944 ஜூன் மாதத்தில், "ஞானையன் என் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று இருந்தது. நான் நிறுத்தினேன்.

"ஒருநாளு இல்ல பிள்ளே, நாலு நாளு கொண்டு போனான். ஒரே அறையில கூடக் கிடந்தவனாக்கும்" என்றார். காய்ச்சல் விடுவதற்குள் உங்களை வேறு இடத்துக்கு வேலைக்குக் கொண்டுபோய்விட்டதால் கேட்கவும் முடியவில்லையாம். மூடி வைக்கச் சொன்னார்.

எனக்குத் தேதி வேண்டுமே. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது வேறு கையெழுத்து.

"நேசனுக்குப் பென்சில் பிடிக்க முடியவில்லை. ஞானையன் எழுதுகிறேன். சோறு இவனுக்கு இறங்கவில்லை. நான்கு நாளாக அதைப் பக்கத்து அறையில் கொடுத்துக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை வாங்குகிறேன். என் சோற்றில் பாதியைக் கஞ்சியாக்கி ஊட்டினேன். இன்று கண் திறந்தான். டைரி எழுதாமல் விட்டால் எழுந்ததும் என்னைத் திட்டுவான்."

மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு நோட்டைத் தானே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, "அவனுக்கச் சோத்தில பாதிய நானாக்கும் தின்னது. ஒரு கார்டு போட்டேனா நான்?" என்றார்.

உங்கள் கார்டுகள் அத்தனையையும் அன்றைக்கே வாசித்துக் காட்டினேன். இப்போது வீட்டில் உங்கள் பேச்சுத்தான். ராணுவ லாரி போல வாயாலே ஹாரன் அடிப்பீர்களாமே, சின்னவள் அதைப் படித்துக்கொண்டு எங்கள் காதைத் துளைக்கிறாள்.

இவர் பதில் எழுத இரண்டு நாள் உட்கார்ந்தார். "அன்புள்ள" என்பதற்கு மேல் போகவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். கோடை லீவுக்கு மதினியையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வாருங்கள். ஸ்டேஷனுக்கு இவரே வருவார். உங்கள் முன்னால் நின்றால் இவருக்கு வாய் எழும்பாது அண்ணே. நீங்களே முதலில் "எலேய் நேசா" என்று கூப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
சரோஜம்