பலகையில் எழுதாத வார்த்தை

மார்ச் 3, திங்கள்
மாதத்தின் முதல் திங்கள். கோயில் குருக்கள், பள்ளிவாசல் இமாம், நான் — வழக்கம்போல மூவருமாக எங்கள் மூன்று கிணறுகளிலும் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தோம். ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், நேரம் எழுதி ஒட்டினேன்.

"பாட்டிலுக்கும் ஞானஸ்நானமா ஃபாதர்?" என்றார் இமாம்.

"விடுங்க, பேர் வைக்காட்டி இவருக்குத் தூக்கம் வராது" என்றார் குருக்கள்.

மார்ச் 17
முடிவு வந்தது. கோயில் கிணறும் தேவாலயக் கிணறும் சுத்தம். பள்ளிவாசல் கிணற்றில், தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம். அதன் சுவரை ஒட்டித்தான் தோல் ஆலையின் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. இமாமிடம் சொல்லிவிட்டு, தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்: பள்ளிவாசல் கிணறு — நஞ்சு. ஆலையைக் குறிப்பிடவில்லை. இரண்டாவது சோதனை இல்லாமல் ஒருவரைக் குற்றம் சாட்டுவது முறையல்ல.

முறையா, பயமா?

மார்ச் 19
யாரோ பலகையைப் படமெடுத்து ஊர் முழுக்க ஃபோனில் அனுப்பியிருக்கிறார்கள். முடிதிருத்துபவர் என் கழுத்தில் துணியைச் சுற்றியபடி கேட்டார்: "அவங்க கிணத்துல விஷமாமே ஃபாதர். நமக்குன்னு கலந்து வச்சிருந்தாங்களா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 22
அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆலைன்னு ஒரு வார்த்தை எழுதினா பேனா உடைஞ்சிடுமாடா?"

நாளை பிரசங்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு
முதல் வரிசையில் ஆலை மேலாளர், குடும்பத்தோடு. பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன்.

மார்ச் 25
இமாம் வீட்டு ஜன்னலில் கல். அவர் மனைவிக்கு நெற்றியில் நான்கு தையல். போய்ப் பார்த்தேன். இமாம் கோபப்படவில்லை. "நீங்க பொய் எழுதலையே ஃபாதர். அதான் எங்களால பதில் சொல்ல முடியல."

என்ன மனுஷன் நான்? எழுபத்து மூணு வயசாச்சு. இன்னும் யாருக்குப் பயந்து, எதுக்கு —

மார்ச் 26
பலகையில் எழுதி ஒட்டினேன்: நஞ்சு ஆலைக் கால்வாயிலிருந்து வருகிறது. முதலிலேயே எழுதாதது என் கோழைத்தனம். கீழே கையெழுத்திட்டேன். மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன்.

மார்ச் 30
இமாம் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. வீட்டுச் சாவியைக் குருக்களிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் அல்ல.

ஏப்ரல் 21
இந்த மாத முடிவு. எங்கள் தேவாலயக் கிணற்றுக்கும் குரோமியம் வந்துவிட்டது. ஆலை, கால்வாய், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். முடிதிருத்துபவர் கடைசி வரிவரை நிதானமாக வாசித்தார். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"போறப்போ இதுலயும் கலந்துட்டுப் போயிட்டாங்களா ஃபாதர்?"