டாங்கிக்கு நான் அடித்த பச்சைப் பெயிண்ட்

என் பிரியமுள்ள முனுசாமி மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி முப்பது நாள் ஆகிறது. இன்று காலையில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. நாலு பேர் முன்னால் உன்னைத் திட்டியவன் நான். அதனால் பத்திரிகையில் நாலு பேர் படிக்கிற மாதிரியே இதையும் எழுதுகிறேன்.

உன் டாக்சியைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாயாம். அது இப்போது மயிலாப்பூரில் என் பட்டறையில் நிற்கிறது. நேற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். லஸ் முனையிலேயே நின்றுவிட்டது. பெட்ரோல் முள் பாதி காட்டியது. குச்சி விட்டுப் பார்த்தால் டாங்கி காய்ந்து கிடக்கிறது. அன்றைக்கு அடையாற்றுப் பாலத்தில் நீ சொன்னதும் இதைத்தானே?

அது யுத்த காலம், கூப்பன் கொடுத்தால்தான் பெட்ரோல். உன் தங்கை கன்னியம்மாவுக்கு இடுப்பு வலி கண்டு, திருவான்மியூரிலிருந்து உன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. "முள்ளு பாதி காட்டுது மாப்ளே, சத்தியமா பெட்ரோல் கீது" என்று பதறினாய். நான் முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாங்கியில் குச்சியை விட்டேன், ஈரமே இல்லை. ஜட்கா பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பையன் வயிற்றிலேயே போய்விட்டான்.

"கூப்பன் பெட்ரோலைத் திருட்டுத்தனமா வித்துட்டு இன்னாடா நாடகம் ஆடறே?" என்று ஆஸ்பத்திரி வாசலில் உன் சட்டையைப் பிடித்தேன். நீ விற்றதை நான் பார்த்தேனா? ஊரில் சில பேர் விற்றார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் உன்னை வீட்டு வாசல் ஏறவிடவில்லை. உன் வண்டியைப் பட்டறைக்குள் விடவில்லை. ராஜாத்தி பிறந்தாள். மருந்தீசர் கோயிலில் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை என் பங்காளி மடியில் உட்காரவைத்தேன். பட்டுப்பாவாடையும் கையுமாக நீ வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாய். உன் தங்கை அழுதாள். ஆனால் என்னை மீறி உன்னிடம் வரவில்லை.

இன்று காலை சாவியைப் போட்டுவிட்டு, டாங்கியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் வெற்று இரும்பில் தொட்டேன். முள் சட்டென்று காலிக்கு இறங்கியது. ஆக, முள்ளும் நல்லது, ஒயரும் நல்லது. உள்ளே இருக்கும் மிதவையை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, சிக்கலும் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

டாங்கிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே ஒரு துண்டு ஒயர் கொடுத்தேன். முள் ஒழுங்காகக் காலியைக் காட்டியது. அதை எடுத்ததும் மறுபடி பாதிக்கு ஏறிக்கொண்டது. டாங்கியைத் தாங்கும் பட்டையைக் கழற்றிச் சுரண்டினேன். கீழே பச்சைப் பெயிண்ட். இரண்டு கோட்டு. டாங்கியிலிருந்து கரண்ட் இரும்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும், மச்சான். குறுக்கே பெயிண்ட் நின்றால் முள் இல்லாத பெட்ரோலைக் காட்டும்.

அந்தப் பெயிண்டை அடித்தவன் நான். பையன் போவதற்குப் பத்து நாள் முன்னால், ஆயுத பூஜைக்கு. டாங்கியை இறக்கி, பட்டை, போல்ட்டு, ஒன்று விடாமல் அடித்தேன். "இன்னா மாப்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத எடத்துக்கா இவ்ளோ பெயிண்டு? கல்யாணப் பொண்ணுக்கே இவ்ளோ பவுடர் பூச மாட்டாங்களே" என்று சிரித்தாய். என் வேலை அப்படித்தான் என்று பீற்றிக்கொண்டேன்.

பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு இது தெரியுமா? தெரிந்தும் தங்கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாயா? இதற்குப் பதில் எனக்கு இனி யார் சொல்வார்கள்?

கன்னியம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நானே அவள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு வரி விடாமல் வாசிப்பேன், மச்சான், இது சத்தியம். அவள் உன்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள். இருக்கவும் கூடாது.

மாப்பிள்ளை என்று போட்டுக்கொள்ளக் கை வரவில்லை,
உன் தங்கையின் புருஷன்
மாணிக்கம்