துர்க்காவின் தலையில் பட்ட அடி

வெள்ளிக்கிழமை, மே. ஓல்போர்க், டென்மார்க்.

நாளை எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். நான் கோல் காப்பவள். எனக்கு முன்னால் நின்று தடுப்பவள் துர்க்கா. இன்று பயிற்சியில் அவளும் இன்னொருத்தியும் தலையோடு தலை மோதி விழுந்தார்கள். துர்க்கா சிரித்தபடி எழுந்தாள்.

"நாளைக்கு ஆரோடையடி விளையாட்டு?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். உடை மாற்றும்போது அதையே மறுபடியும் கேட்டாள். என் முகம் மாறியதைக் கண்டுவிட்டாள். பயிற்சியாளர் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது.

"அவவுக்குச் சொல்லிப் போடாதை. அம்மா முதல்முறையா இக்காஸ்டில இருந்து பாக்க வாறா."

"ஓம்" என்றேன். ஆனால் அவள் சப்பாத்துகளைக் கால் மாற்றிப் போட்டாள். பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே காரை எடுத்தார். துர்க்கா என்னைப் பார்க்காமலே ஏறினாள்.

செய்தி கேட்டு இன்றே வந்துவிட்ட அவளுடைய அம்மா சற்று முன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

"மண்டைக்குள்ள கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்காம், பிள்ளை. வாட்டில மறிச்சு வைச்சிருக்கினம்."

"கதைக்கிறாளா, அன்ரி?"

"கதைக்கிறாள். நீ சொல்லிக் குடுத்திட்டாயாம். உன்னோடை சரியான கோவம்."

நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அது போதும். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.